கல்லடியில வீடு, படுவான்கரையில வெள்ளாமை, நடுவுல பேங்க்

மட்டக்களப்பில வீட்டு லோன் எடுக்கிறதப் பத்தி எங்க தேடினாலும் பேங்க் போட்ட விளம்பரம்தான் வருது, சிரிக்கிற புருசன் பொண்டாட்டி போட்டோ, கையில திறப்பு, கீழ எறும்பு சைஸ் எழுத்தில நிபந்தனைகள். எடுத்து முடிச்ச ஆக்கள் ஒருத்தரும் எழுதிறாங்க இல்ல. அதுதான் நான் எழுதிறன். பேங்கிட பேர் போடமாட்டன், ஏனெண்டா குறையும் சொல்லப்போறன், கிளையில வேல செய்றது முழுக்க நம்மட ஊர்ப் பொடியங்கள், நாளைக்குச் சந்தையில முகத்த முகம் பாக்கணும். ஸ்டார் கணக்குக் கேட்டா, லோன் ஒபிசருக்கு அஞ்சு, கிளைக்கு நாலு, கொழும்பில இருக்கிற அவங்கட லீகல் பகுதிக்கு ஒண்டு, அந்த ஒண்டையும் பாதியா வெட்டலாமா எண்டு யோசிச்சுக்கொண்டுதான் இருக்கன்.

எங்கட நிலமைய முதல்ல சொல்லிர்றன், அப்பதான் விளங்கும். நான் டவுன்ல ஒரு பிரைவேட் கம்பனியில வேல, பே சீட் இருக்கு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுறாங்க. அதோட கொக்கட்டிச்சோலைப் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன வயல், பெரும்போகம் முழுசாச் செய்வம், சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி வாற துண்டு மட்டும். முந்தி மண்முனைத் துறையில பாதைக்கு (வாவியக் கடக்கிற மிதவை) காத்து நிண்டுதான் இக்கரைக்கு வாறது, 2014ல பாலம் திறந்த மறுகா வாவிக்குக் கிழக்க எழுவான்கரையில வீட்ட வச்சுக்கொண்டு மேற்க படுவான்கரையில வெள்ளாமை செய்றது லேசாப் போச்சு. பிள்ளையள்ற பள்ளிக்கூடம், டியூசன், ஆஸ்பத்திரி எல்லாம் டவுன்ல, அதனால எங்கள மாதிரி கனபேர் கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் வளவு தேடிக்கொண்டு திரியிறாங்க. அதோட எங்கட பக்கத்தில வீடு பொம்பிளப் பிள்ளைக்குத்தான் எழுதிறது, எனக்கு ரெண்டும் பொம்பிளப் பிள்ளையள், மிச்சத்த நீங்களே கணக்குப் பாருங்க.

கல்லடிப் பக்கம் 12 பேர்ச் வளவோட ஒரு பழைய வீடு அம்பிட்டுது. 50 லட்சம் லோன் வேணும். சம்பளத்த மட்டும் காட்டினா அவ்வளவு வராது, வயல் வருமானத்தையும் சேத்துப் பாக்கணும். இங்கதான் கூத்தே துவங்கினது.

முதல்ல போன பேங்க் வேற. நல்ல ஏசி, நல்ல கதிரை, டோக்கன் மெசின் எல்லாம் இருக்கு. மேசையில இருந்த தங்கச்சி சரியான மரியாதையாத்தான் பேசினா, ஆனா வயல் எண்டு வாயத் திறந்த உடன முகம் மாறிட்டு. "மாசா மாசம் வாற வருமானம் காட்டுங்க அண்ணன், விவசாயம் சிஸ்டத்தில எடுக்காது." நான் சொன்னன், தங்கச்சி, பெப்ரவரி மார்ச்சில உங்கட கவுண்டருக்கு முன்னால நிக்கிற கியூவ ஒருக்கா எட்டிப் பாருங்க, முக்கால்வாசி நெல்லுக் காசிதான் எண்டு. அவ சிரிச்சா. வைப்பில போட எங்கட காசி நல்ல காசி, கடனெண்டு வந்தா அது வருமானமே இல்ல! அந்த பேங்கப் பத்தி இவ்வளவுதான், மேல எழுத ஒண்டுமில்ல.

ரெண்டாவது பேங்கில லோன் பாக்கிற தம்பி வெல்லாவெளிப் பக்கத்து ஆள், அவர்ர வீட்டிலயும் வெள்ளாமை. அவர் முதல் நாளே ஒரு வெள்ளத் தாள எடுத்து எழுதிக் குடுத்தார், இன்ன இன்ன பேப்பர் வேணும், இதில இது உங்களிட்ட இல்ல, இதுக்குக் கமநல சேவை நிலையத்துக்கு (வெள்ளாமைக்காரருக்கான அரசாங்க ஒபிஸ்) போங்க, இதுக்கு டிஎஸ் ஒபிசுக்கு (பிரதேச செயலகம்) போங்க எண்டு. இதச் சின்ன விசயம் எண்டு நினைக்காதீங்க. இந்த ஊரில வீடு வாங்குறவன அலைக்கழிக்கிறது வட்டி இல்ல, பேப்பர். இண்டைக்கு ஒரு பேப்பர், அதக் கொண்டு குடுத்தா மறுகா இன்னொரு பேப்பர், இப்பிடி ஒவ்வொண்டாக் கேட்டா மனிசன் வேலைக்கு லீவு போட்டே முடிஞ்சிருவான். முதல் சந்திப்பிலயே முழு லிஸ்டையும் தாற பேங்கா இல்லையா எண்டு பாருங்க, போர்டுல போட்டிருக்கிற வட்டி வீதத்த அதுக்குப் பிறகு பாக்கலாம்.

வயல் வருமானத்துக்கு அந்தத் தம்பி என்னெல்லாம் கேட்டார் எண்டு சொல்றன், வெள்ளாமை செய்ற ஆக்களுக்கு உதவும். கமநலத்தில இருக்கிற காணிப் பதிவில எத்தின ஏக்கர் என்ட பேரில கிடக்கு எண்டு கடிதம். பசள மானியக் காசு வந்து விழுற கணக்கிட ஸ்டேட்மென்ட். நெல்லு எடுக்கிற முதலாளி தாற துண்டு, அது பெரும்பாலும் சிகரெட் பெட்டி சைசில ஒரு கொப்பித் தாள், நிறையும் விலையும் மட்டும் எழுதி ஒரு கையெழுத்து, அதக்கூட அவர் வேணாம் எண்டு சொல்லல்ல, எல்லாத்தையும் வரிசையா அடுக்கி போட்டோக்கொப்பி அடிச்சார். எனக்கு ஆச்சரியமா இருந்தது அடகு ரசீது கேட்டதுதான். மனிசிட நகை ஒவ்வொரு வருசமும் விதைப்புக்கு அடகுக்குப் போகும், அறுவடை முடிய மீண்டு வரும், அது எங்கட வீட்டில மட்டுமில்ல, படுவான்கரை முழுக்க அப்பிடித்தான். இதக் காட்டினா கடன்காரன் எண்டு நினைப்பாங்களோ எண்டு மனிசி பயந்தா. தம்பி சொன்னார், "அக்கா, ஒக்டோபரில வச்சு மார்ச்சில தவறாம எடுத்திருக்கிறீங்க, ஏலத்துக்குப் போனதே இல்ல, இதவிட நல்ல சாட்சி எனக்கு என்ன வேணும்." அப்பவே மனிசி முடிவெடுத்திட்டா, எடுத்தா இந்த பேங்கிலதான் லோன் எண்டு.

வயல் பாக்கவும் வந்தார். கூட வந்த மற்ற ஒபிசர் சப்பாத்தோட வரம்பில நடக்கத் தெரியாம வாடிக்குள்ள குந்திட்டார், இவர் காற்சட்டைய முழங்கால் மட்டும் மடிச்சிட்டு, பைல கக்கத்தில வச்சுக்கொண்டு, வாய்க்கால் எங்கால வருது, கடைசி வாய்க்காலா, சிறுபோகத்துக்கு வட்ட விதானை (வயலுக்குத் தண்ணி பங்கிடுறவர்) எத்தின ஏக்கருக்குத் தண்ணி விடுவார் எண்டு எல்லாம் கேட்டார். மானாவாரித் துண்டுக்கு ஒரு போகம்தான் கணக்கு. விலையையும் கூட்டிப் போடல்ல. 2025 பெப்ரவரியில அரசாங்கம் நாட்டு நெல்லு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரி சம்பா 132 எண்டு விலை அறிவிச்சதே, நான் அதச் சொல்லிப் பாத்தன். அந்த விலைக்கு நெல்லு காஞ்சிருக்கணும், ஈரப்பதன் 14 வீதம். எங்கட ஆக்கள் மெசின் வெட்டின கையோட வயலுக்குள்ள வச்சே ஈர நெல்லா யாவாரிக்குக் குடுக்கிறவங்க, காயப்போட இடமும் இல்ல, கடன்காரனும் பாத்துக்கொண்டு நிப்பான். அதனால அவர் யாவாரிட விலையிலதான் போட்டார், அதில இருந்து உழவு, விதை, பசளை, எண்ணெய், மெசின் கூலி எல்லாம் கழிச்சார், அதுக்கு மேல ஒரு போகம் வெள்ளத்தில போனா என்ன செய்வீங்க எண்டும் கேட்டார். 2024 நவம்பர் வெள்ளம் ஒருத்தருக்கும் மறக்கல்லத்தானே. கடைசியா வந்த தொகை நான் நினைச்சதவிடக் குறைவு, ஆனா நியாயமான தொகை, எனக்குக் கோவம் வரல்ல.

ஒரு விசயம் கனபேருக்கு விளங்குதில்ல. வயல ஈடு வச்சு வீடு வாங்கலாம்தானே எண்டு கேப்பாங்க. எங்கட பக்கம் வயல்காணி கனக்க பெமிட் காணி (அனுமதிப்பத்திரத்தில குடுத்த அரசாங்கக் காணி), 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்தது. பிரதேச செயலாளர்ர சம்மதம் இல்லாம விக்கவும் ஏலா, ஈடு வைக்கவும் ஏலா, துண்டு துண்டாப் பிரிக்கவும் ஏலா. பிரைவேட் பேங்க் அதக் கையாலயும் தொடாது. பத்து ஏக்கர் வச்சிருக்கிற போடியாருக்கும் (பெரிய வயல்காரர்) பெமிட் மட்டும்தான் எண்டா பேங்கிட கண்ணுக்கு வெறுங்கைதான். டவுனுக்கு வெளிய வீட்டுக்காணியிலயும் இந்தக் கதை இருக்கு, "உறுதிக் காணி", அதாவது முழுச் சொந்தப் பத்திரம் உள்ள காணி எண்டு புரோக்கர் சொல்லுவார், போய்ப் பாத்தா பெமிட்டு, இல்லாட்டி அரசாங்கம் குடுத்த அளிப்புப் பத்திரம். முற்பணம் குடுக்க முதல்ல உறுதிட கொப்பிய வாங்கிப் பாருங்க. அதுக்கு முகம் சுழிக்கிறவரோட யாவாரமே வேணாம்.

இனி வீட்டிட உறுதி. இதுதான் இழுபட்டது.

வீட்டுக்கார அக்காக்கு அந்த வீடு சீதனமா வந்தது. சீதனம் எண்டா பேப்பரில அது நன்கொடை உறுதி, தாயும் தகப்பனும் மகளுக்கு எழுதினது, தங்களுக்குச் சீவிய உருத்து வச்சுக்கொண்டு. மட்டக்களப்பில பாதி வீடு இப்பிடித்தான் கிடக்கு, தாய் தகப்பன் சாகும்வரைக்கும் அந்த வீட்டில இருக்கிற உரிமை அவங்களுக்கு. நல்ல வழக்கம், நான் குறை சொல்லல்ல, மகளுக்கு எழுதிக் குடுத்திட்டுத் தெருவில நிக்காம இருக்கச் செய்த வேல அது. ஆனா பேங்குக்கு நன்கொடை உறுதி எண்டாலே ஒரு பயம், குடுத்தவர் கோட்டுக்குப் போய், பிள்ளை என்னைய மோசமா நடத்திறா எண்டு காட்டி ரத்துச் செய்ய இடமிருக்கு எண்டு. அதோட சீவிய உருத்து உள்ள ஆளும் கையெழுத்து வைக்காட்டி அந்த வீட்ட ஈடு எடுக்கமாட்டாங்க. தகப்பன் இல்ல, தாய் இருக்கிறா.

உறுதி எழுதின அண்டைக்கு அந்த ஆச்சிய ஓட்டோவில கூட்டி வந்தாங்க. நொத்தாரிசு வாசிச்சுக் காட்டுறார், ஆச்சி கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சுக் கேட்டுக்கொண்டு இருக்கிறா. முடிய அவ கேட்டா, "இதுல கையெழுத்து வச்சா நான் செத்த மாதிரியா மனே?" நொத்தாரிசுக்கு வாயடைச்சுப் போச்சு. மறுகா அவர் சொன்னார், "இல்ல ஆச்சி, அந்த வீட்டில இருக்கிற உருத்த மட்டும் விடுறீங்க, நீங்க இளைய மகளோடதானே இருக்கிறீங்க." கிளாக்கர் பொடியன் மைப் பெட்டிய நீட்டினான், ஆச்சி ஒரு பார்வை பாத்தா, "கைநாட்டு வைக்க நான் என்ன படிக்காதவளா, பேனையத் தா." எழுத்துக் கூட்டி வடிவா வச்சா கையெழுத்து. கிணத்தடி மாமரம் கறுத்தக் கொழும்பான், அத வெட்டாதீங்க எண்டு எனக்கும் சொல்லிட்டுத்தான் எழும்பினா. வெட்டல்ல.

அதுக்கு முந்தி நடந்ததுதான் லீகல் பகுதிட கூத்து. இங்க பேங்கிட லோயர் காணிப் பதிவகத்தில 30 வருசத்துப் பதிவையும் தேடி, ஃபோலியோ கொப்பியெல்லாம் எடுத்து, உருத்து அறிக்கை எழுதி அனுப்பிட்டார், அவர்ர வேலை சுத்தம். கொழும்பில இருந்து கேள்வி வருது, விக்கிற அக்காட புருசன்ர சம்மதக் கையெழுத்து எங்க எண்டு. புருசன் கட்டார்ல. ஏன் அவர்ர சம்மதம்? தமிழ்ப் பேரக் கண்ட உடன தேசவழமை எண்டு நினைச்சிட்டாங்க! தேசவழமை வடக்கு மாகாணத் தமிழருக்குரிய சட்டம், அங்க கலியாணம் முடிச்ச பொம்பிள தன்ட காணிய விக்கிறதெண்டா புருசன் எழுத்தில சம்மதிக்கணும், அது உண்மை. மட்டக்களப்பாருக்கு அது இல்ல, இங்க பொம்பிளட சொத்து பொம்பிளடதான், அவ தனியக் கையெழுத்து வைக்கலாம். எங்கட ஊர் லோயருக்கு இது அ ஆவன்னா மாதிரி. அவர் கடிதம் எழுதினார், அங்க இருந்து பதில் இல்ல, பிறகு அதே கேள்விய வேற ஒரு ஆள் புதுசாக் கேக்கிறார். இடையில வீட்டுக்கார அக்கா எனக்குக் கோல் எடுத்து, தம்பி வேற ஒரு சுவிஸ்காரர் கைக்காசோட நிக்கிறார், நான் என்ன செய்யட்டும் எண்டு கேக்கிறா. அவவிலயும் பிழை சொல்ல ஏலா. கடைசியில மனேஜர் சேரே கொழும்புக்குக் கோல் எடுத்து நல்லாப் பேசினார், அதோட தீர்ந்திச்சு. பேங்க்மாருக்கு ஒரு வேண்டுகோள், கிழக்கில லோன் குடுக்கிறதெண்டா கிழக்கிட சட்டம் தெரிஞ்ச ஒரு ஆள அந்தப் பகுதியில வையுங்க. சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கிறீங்கதானே.

மாநகர சபைப் பேப்பர் பெரிசா கரைச்சல் இல்ல. வீதிக்கோட்டுச் சான்றிதழ், உரித்துச் சான்றிதழ், அரசு கையேற்காத காணி எண்ட கடிதம், அங்கீகரிச்ச கட்டிடப் பிளான், இதுதான் கேப்பாங்க. சோலவரி (சபைக்குக் கட்டுற வீட்டு வரி) நிலுவை இருந்தா அதக் கட்டினாத்தான் தருவாங்க, அத விக்கிறவர் கட்டணும் எண்டு முதல்லயே பேசி வையுங்க.

பிளானில ஒரு சிக்கல் இருக்கு. வீட்டிட பின்பக்கம் பிறகு இறக்கின குசினியும் ஒரு அறையும், அது அங்கீகரிச்ச பிளானில இல்ல. மதிப்பீட்டாளர் வந்து அத டேப்பால அளக்கவே இல்ல, கண்ணால பாத்திட்டுப் போயிட்டார். அறிக்கையில ரெண்டு பெறுமதி போடுவாங்க, ஒண்டு சந்தைப் பெறுமதி, மற்றது அவசரத்துக்கு வித்தா வாற பெறுமதி. பேங்க் கனக்க பாக்கிறது ரெண்டாவதத்தான், அதிலயும் முழுசாத் தராது. அதனால விலை 80 லட்சம் எண்டு பேசினா லோன் 60 வரும் எண்டு மனக்கணக்குப் போட்டு முற்பணம் குடுத்திராதீங்க, மதிப்பீடு வந்த மறுகாதான் உண்மை தெரியும். கையில இருந்து போட வேண்டிய காசுக்கு என்ட ஈபிஎஃப் உதவினது. வீட்டுக்கு எண்டா மீதியில 30 வீதம் வரைக்கும் முன்கூட்டி எடுக்கலாம், 10 வருசத்துக்குக் குறையாம பங்களிப்பு இருக்கணும், கணக்கில 3 லட்சத்துக்குக் குறையாம கிடக்கணும். தொழில் திணைக்களத்துக்கூடாப் போகணும்.

உறுதியில விலையக் குறைச்சு எழுதிற பழக்கத்தப் பத்தியும் சொல்லணும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 80 லட்சத்துக்கு எண்டா 3 லட்சத்து 19 ஆயிரம், அதுக்கு மேல நொத்தாரிசுக் கூலி. இத மிச்சம் பிடிக்க 40 எண்டு போடுவம் எண்டு புரோக்கர் சொல்லுவார். லோன் எடுக்கிறவனுக்கு அது சரிவராது, உறுதியில 40 எண்டு போட்டா பேங்க் 40க்குத்தான் கணக்குப் பாக்கும், மற்றது அது சட்டத்துக்கும் பிழை. முழு விலையும் போட்டம், புரோக்கருக்கு முகம் கறுத்துப் போச்சு, கறுக்கட்டும்.

வட்டி. போர்டுல பெரிய எழுத்தில போடுறது முதல் கொஞ்ச வருசத்துக்கு உள்ள நிலையான வீதம். அதுக்குப் பிறகு ஏடபிள்யூபிஎல்ஆர் எண்டு, பேங்குகள் தங்கட நல்ல வாடிக்கையாளருக்குக் குடுக்கிற கடன்ட சராசரி வட்டி, மத்திய வங்கி கிழமைக்குக் கிழமை போடுற வீதம், அதோட இன்னும் கொஞ்சம் கூட்டி வரும். 50 லட்சம், 12 வீதம், 15 வருசம் எண்டு வையுங்க, மாசத்துக்குக் கிட்டத்தட்ட 60,000 கட்டணும். முதல் மாசம் அந்த 60,000ல 50,000 வட்டிக்கே போயிரும், முதலில குறையிறது வெறும் பத்தாயிரம். 20 வருசம் எண்டு இழுத்தா மாசக் கட்டு 55,000 சொச்சத்துக்கு இறங்கும், ஆனா மொத்தமாக் கட்டுற காசு 108 லட்சத்தில இருந்து 132 லட்சத்துக்கு ஏறும். மாசம் அஞ்சாயிரத்துக்காக 24 லட்சம்! இனி வட்டி 20 வீதத்துக்குப் போனா? அதே 50 லட்சம், அதே 15 வருசம், மாசம் 87,800. இது பகிடி இல்ல, 2022 ஏப்ரலில மத்திய வங்கி ஒரே நாளில 7 வீதம் தூக்கினத மறந்தீங்களா, அண்டைக்கு மாறும் வட்டியில லோன் வச்சிருந்த ஆக்களுக்கு நித்திர போச்சு. அதனால நான் கேட்ட கேள்வி ஒண்டுதான், ஆகக்கூடினது எவ்வளவுக்குப் போகும், மேல ஒரு எல்லை இருக்கா எண்டு. லோன் தம்பி ஒளிக்காம சொன்னார், எல்லை இல்ல அண்ணன், அதுதான் நிலையான காலத்தக் கூட்டி எடுங்க எண்டு. வட்டி கொஞ்சம் கூட, ஆனா எடுத்தன்.

கிரிப் ரிப்போட்டயும் (உங்கட பேரில உள்ள கடன், பிணை எல்லாம் பதிஞ்சிருக்கிற அறிக்கை) போக முதல்ல நீங்களே எடுத்துப் பாருங்க. எனக்குப் பிரச்சின இல்ல, ஆனா எனக்கு முன்னால இருந்த ஒரு ஆசிரியருக்கு, எப்பயோ ஒரு கூட்டாளிட லீசிங்குக்குப் பிணை வச்சது அதில நிக்குது, கூட்டாளி கட்டல்ல, பாவம் இவர்ர லோன் நிண்டிட்டு. பினான்ஸ் கம்பனியில போனுக்கு எடுத்த கடன், மனிசிமார் குழுவில எடுத்த நுண்கடன் எல்லாத்தையும் துப்புரவா முடிச்சு, முடிச்ச கடிதத்தையும் வாங்கி வச்சிட்டுப் போங்க.

இன்சூரன்ஸ் ரெண்டு. ஒண்டு எனக்கு ஏதும் நடந்தா லோன அடைக்கிறது, மற்றது வீட்டுக்கு. ரெண்டாவதுல நெருப்பு மட்டும்தான் போட்டு வந்தது. மட்டக்களப்பில வீடு எரியிறத நான் கண்டது குறைவு, வெள்ளத்தில நிக்கிறத வருசா வருசம் காணுறன். 78 சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், இதெல்லாம் நடந்த ஊருக்கு நெருப்புக் காப்புறுதி மட்டும் போட்டு அனுப்பின ஆள் கொழும்பில எந்த மாடியில இருக்கிறாரோ தெரியா. வெள்ளம், சூறாவளி ரெண்டையும் சேக்கச் சொல்லிக் கேட்டம், கட்டணம் கொஞ்சம் கூடினது, சேத்தாங்க. நீங்க கேக்காட்டி அவங்களாச் சேக்கமாட்டாங்க.

வெள்ளம் எண்டதால இன்னொண்டு, இது பேங்கிட வேல இல்ல, மதிப்பீட்டாளரும் பாக்கமாட்டார். வளவ ஆடி மாசம் போய்ப் பாக்கிறது வீண், எல்லா வளவும் ஆடியில வடிவாத்தான் கிடக்கும். மார்கழி மழைக்குள்ள போங்க. அப்பிடி ஏலாட்டி மதில்ல, கக்கூசுச் சுவரில தண்ணி நிண்ட கோடு தெரியுதா பாருங்க, புதுசா அடியில மட்டும் பெயின்ட் அடிச்சிருந்தா ஏனெண்டு கேளுங்க. பக்கத்து வீட்டு ஆக்களிட்டக் கேட்டா மறைக்கமாட்டாங்க, 2011ல இஞ்ச தோணி போனது எண்டு கையக் காட்டிச் சொல்லுவாங்க. கடற்கரைப் பக்கம் எண்டா சுனாமிக்குப் பிறகு கிழக்கில 200 மீற்றர் தடை எல்லை வச்சு மறுகா தளர்த்தின கதையும் இருக்கு, சுனாமியில உறுதியும் கையுமா அள்ளுண்டு போன குடும்பங்களும் இருக்கு, அங்க பேப்பர் இன்னும் கவனமாப் பாக்கணும்.

காசு கிடைச்ச பிறகு பேங்க் எப்பிடி? ஈட்டு உறுதியில கையெழுத்து வச்ச கையோட விக்கிறவட பேருக்கே செக் குடுத்தாங்க, அதில ஒரு குறையும் இல்ல. உறுதி காணிப் பதிவகத்தில பதிஞ்சு வாறவரைக்கும் நொத்தாரிச விட்டிராதீங்க, அந்த மாசம் எழுதின உறுதிகள்ற இணைப் பிரதிய அடுத்த மாசம் 15ந் திகதிக்கு முதல் அவர் அனுப்பணும் எண்டு சட்டமே இருக்கு, பதிஞ்ச இலக்கத்தக் கேட்டு வாங்குங்க. எஸ்எம்எஸ் சிங்களத்தில வந்தது, தமிழுக்கு மாத்தித் தாங்க எண்டு கவுண்டரில சொன்னன், இப்ப இங்கிலீசில வருது. நடுவில சந்திச்சிருக்கிறம் போல.

கட்டுற முறையிலதான் அந்த லோன் தம்பிக்கு அஞ்சு ஸ்டார். மாசக் கட்ட ரெண்டாப் பிரிச்சுத் தந்தார், சம்பளத்தில இருந்து மாசா மாசம் ஒரு சின்னத் தொகை, பெரும்போக அறுவடை முடிய ஒரு பெரிய தொகை. இது போர்டுல எழுதியிருக்கிற லோன் இல்ல, கேட்டாத்தான் கிடைக்கும், கேட்டும் கனக்க கிளையில கிடைக்காது. போகம் நல்லா வந்தா அதுக்கு மேலயும் கட்டலாம், ஆனா முன்கூட்டிக் கட்டினா தண்டம் எண்டு ஒரு வீதம் எடுப்பாங்க, அது எத்தின வீதம், எத்தின வருசத்துக்கு எண்டு கையெழுத்து வைக்க முதல்ல எழுத்தில வாங்குங்க. எங்களுக்குக் குறைச்சு எழுதித் தந்தாங்க, மனிசி விடாமக் கேட்டதால.

அந்தத் தம்பிக்கு அம்பாறைப் பக்கம் மாற்றம் வரப்போகுதாம். கல்முனை, அக்கரைப்பற்று வெள்ளாமைக்கார ஆக்கள், உங்கட கிளையில புதுசா ஒரு ஆள் வந்து முதல் கேள்வியா குளத்துத் தண்ணியா மானாவாரியா எண்டு கேட்டா, அவரிட்டயே பைலக் குடுங்க.